சிட்டையும் பேரேடும்: அறிவியல் பாடத்துக்குக் குறிப்பெடுக்கும் முறை

போன ஆடியில் ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் அறிவியல் நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு. நோட்டைத் திறந்ததும் எனக்கே ஆசையாக இருந்தது. தலைப்புகளுக்கு ஊதா ஸ்கெட்ச், வரையறைகளுக்குப் பச்சை, முக்கியமான வரிகளுக்கு அடியில் ஸ்கேல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு. இரத்த ஓட்டம் வரும் ஒரே பாடத்துக்குப் பதினாலு பக்கம். "நல்லா எழுதியிருக்கியேத்தா" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். "சரி, இதயத்தில இடது வெண்ட்ரிக்கிள் சுவர் மட்டும் ஏன் அவ்வளவு தடிமனா இருக்கு?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அது எட்டாம் பக்கத்துல கீழ இருக்கு அயித்தை" என்றாள்.

இருந்தது. எட்டாம் பக்கத்தில், கீழே, அவள் கையெழுத்திலேயே. இரண்டு மூன்று நாள் மாலையெல்லாம் உட்கார்ந்து எழுதிய பிள்ளைக்கு அந்த வரி இருக்கும் இடம் தெரிகிறது, அது சொல்லும் காரணம் தெரியவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை, உழைக்கவும் அஞ்சாதவள். குறிப்பெடுப்பது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கும், மாலையில் அவர்கள் பக்கத்தில் உட்காரும் பெரியவர்களுக்கும் அதை நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஐயாவின் இரண்டு ஏடுகள்

எங்கள் ஐயா தேவகோட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதினார். அவர் பக்கத்தில் எப்போதும் இரண்டு ஏடுகள் இருக்கும். ஒன்று சிட்டை. காலையில் வந்த மூட்டை, கடனாகப் போன எண்ணெய் டின், வண்டிக் கூலி, யாரோ கொண்டுவந்து கட்டிய பழைய பாக்கி என்று நடக்க நடக்க, நடந்த வரிசையிலேயே அதில் ஏறும். இன்னொன்று பேரேடு. அதில் ஒவ்வொரு பேருக்கும் தனிப் பக்கம். இரவு கடை ஓய்ந்ததும் சிட்டையை எடுத்து வைத்து, வரி வரியாக வாசித்து, அந்தந்த வரியை உரிய பக்கத்தில் பற்றாகவோ வரவாகவோ பதிவார். சிட்டையில் நாலு இடத்தில் சிதறிக் கிடந்த ஒரு ஆளின் கணக்கு, பேரேட்டில் ஒரே பக்கத்தில் ஒன்று சேர்ந்துவிடும். அப்புறம் ஐந்தொகை. எல்லாப் பக்கத்தையும் கூட்டி, பற்றும் வரவும் நேராக வருகிறதா என்று பார்ப்பது. நேராக வராவிட்டால் எங்கோ ஒரு பதிவு தப்பு. அதைக் கண்டுபிடிக்காமல் படுக்கப் போகமாட்டார்.

இந்தப் பக்கத்துப் பையன்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்குப் பழகித்தான் அடுத்தாள், மேலாள் என்று மேலே ஏறினார்கள். கணக்கு எழுதுவதென்றால் அழகான கையெழுத்து என்று மட்டும் யாரும் நினைத்ததில்லை. எந்த வரி எந்தப் பக்கத்துக்குப் போகும் என்று முடிவெடுப்பதுதான் அந்த வேலையின் உயிர்.

அறிவியல் பாடப்புத்தகத்தைச் சிட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போவது அதன் வழக்கம். எழுதியவர்கள் எந்த வரிசையில் சொன்னால் முதல்முறை வாசிப்பவருக்குப் புரியும் என்று பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த வரிசையிலேயே, அந்தச் சொற்களிலேயே நீங்களும் எழுதினால் சிட்டைக்கு இன்னொரு சிட்டை போட்டதாகிறது. கை வலிக்கும், பக்கம் நிறையும், பதிவு எதுவும் நடந்திருக்காது. பாடத்தைப் பிரித்து, உங்கள் தலைப்புகளுக்குக் கீழே, உங்கள் சொல்லில் பதிவதுதான் குறிப்பு. அதுதான் பேரேடு. புத்தகத்தையும் நோட்டையும் மூடி வைத்துவிட்டு, என்ன நினைவிருக்கிறது என்று எழுதிப் பார்ப்பது ஐந்தொகை. பெரும்பாலான பிள்ளைகள் இந்த மூன்றாவது வேலையைச் செய்வதே இல்லை. என் கணக்கில் அதுதான் பாதி வேலை.

பேனாவை எடுக்குமுன்

பாடத்தின் முதல் வரியை வாசித்துக்கொண்டே எழுத ஆரம்பிப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. எது முக்கியம் என்று அப்போது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாததால் எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிப் பலகையின்மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் முதலில் ஊற்றுவது வண்ணக் கலவையை. பூவும் கொடியும் முதலில் விழும். அதற்குப் பிறகுதான் சிமெண்டும் மணலும் முதுகாக ஏறும். அறையில் பதித்தபின் கண்ணுக்குத் தெரியப்போகிற முகம்தான் முதல் வேலை. பாடத்தையும் அப்படித் தொடங்குங்கள். கடைசிப் பக்கத்துக்குப் போய் புக் பேக் கேள்விகளை முதலில் வாசியுங்கள். பதில் தெரிய வேண்டியதில்லை. பிறகு தலைப்புகள், படங்கள், அட்டவணைகள், தடித்த எழுத்துச் சொற்கள். பத்து நிமிடம் போதும். அதற்கப்புறம் பாடத்தை ஒருமுறை எழுதாமல் வாசியுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.

இரண்டாவது முறை வாசிக்கும்போது ஒரு தலைப்பை முழுக்கப் படித்துவிட்டு, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதுங்கள். பார்த்து எழுதினால் கண்ணிலிருந்து கைக்கு நேராகப் போய்விடும். கவிழ்த்து வைத்தால்தான் மனம் வழியாகப் போகும். விட்டுப்போனதைப் பிறகு புத்தகம் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்பைக் கொண்டு ஒரு பக்கம்

இதைச் சொல்லிச் சொல்லி விளக்குவதைவிட ஒரு பக்கம் எழுதிக் காட்டுவது நல்லது. வேதிவினைகளின் வகைகளை எடுத்துக்கொள்வோம். சிதைவு வினை ஒரு தலைப்பில் வரும், அதற்கு எடுத்துக்காட்டாகச் சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்குவது. சேர்க்கை வினை வேறு தலைப்பில், அங்கே சுட்ட சுண்ணாம்பில் நீர் சேர்ப்பது. வெப்ப உமிழ் வினை, வெப்பக் கொள் வினை வேறோர் இடத்தில். நடுநிலையாக்கல் இன்னொரு பத்தியில். பிள்ளைகள் இவற்றை நாலு தனிச் செய்தியாக மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வில் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குள் போய்ச் சுவரைத் தடவிப் பாருங்கள். பளிங்கு மாதிரி வழவழவென்று, வெயில் காலத்திலும் குளிர்ந்து கிடக்கும். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த சுவர். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, சுவரில் ஏறியபின் என்ன ஆனது என்று கேட்டால் அந்த நாலு செய்தியும் ஒரே பக்கத்துக்கு வந்து சேரும்.

நோட்டில் ஒரு முக்கோணம் வரையுங்கள். உச்சியில் சுண்ணாம்புக்கல் என்று எழுதுங்கள். அது கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலும் பெரும்பாலும் இதுவே. வலது மூலையில் சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. இடது மூலையில் நீற்றுச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. இனி அம்புகள். உச்சியிலிருந்து வலது மூலைக்குப் போகும் அம்புதான் காளவாசல், அதாவது சுண்ணாம்பு சுடும் சூளை. கல்லைச் சுடுகிறார்கள், கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது. ஒரு பொருள் இரண்டாகப் பிரிந்தது, ஆகவே சிதைவு வினை. விறகும் கரியும் போட்டு எரித்துக்கொண்டே இருந்தால்தான் நடக்கும், ஆகவே வெப்பக் கொள் வினை. இதையெல்லாம் அம்பின்மேல் இரண்டு மூன்று சொல்லில் எழுதினால் போதும்.

வலது மூலையிலிருந்து இடது மூலைக்குப் போகும் அம்பு, தண்ணீர் விடுவது. இரண்டு பொருள் சேர்ந்து ஒன்றானது, சேர்க்கை வினை. சுண்ணாம்பு நீற்றுகிற குழி கொதித்துப் புகையும் என்று பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். அடியில் அடுப்பு கிடையாது, ஆனாலும் கொதிக்கிறது. அந்தச் சூடு வினையிலிருந்தே வருகிறது, ஆகவே வெப்ப உமிழ் வினை. ஒருமுறை இப்படிப் பதிந்துவிட்டால் உமிழ், கொள் என்ற இரண்டும் வாழ்நாளுக்கும் மாறாது.

மூன்றாவது அம்பு இடது மூலையிலிருந்து உச்சிக்குத் திரும்புகிறது. இது சுவரில் நடப்பது. பூசிய நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உள்ளே வாங்கி மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது, நீர் வெளியேறுகிறது. காளவாசலில் போன வாயு சுவரில் திரும்பி வந்து சேர்கிறது. கல் மறுபடியும் கல்லானது. இதை எந்த வகையில் சேர்ப்பது? இரண்டு பொருள் சேருகிறது, ஆனால் ஒரே பொருள் வரவில்லையே, நீரும் வருகிறதே என்று ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால், அவள் உண்மையிலேயே குறிப்பெடுக்கிறாள் என்று அர்த்தம். கார்பன் டை ஆக்சைடு அமிலத் தன்மையுள்ள ஆக்சைடு, நீற்றுச் சுண்ணாம்பு காரம். அமிலத் தன்மையுள்ளதும் காரமும் வினைபுரிந்து உப்பும் நீரும் தருவதால் இது நடுநிலையாக்கல்.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கணக்கையும் போட்டு வையுங்கள். 100 கிராம் தூய சுண்ணாம்புக்கல்லை முழுக்கச் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். 56-ம் 44-ம் சேர்ந்தால் 100. நிறை மாறா விதி இன்னொரு பாடத்தில் இருந்தாலும், அதன் பதிவு இங்கேயும் வந்து நிற்கிறது. பேரேட்டில் ஒரு பக்கத்தில் "மேற்படி பாக்கி, இந்தப் பக்கம்" என்று ஐயா இன்னொரு பக்கத்துக்கு வழி எழுதுவார். நீங்களும் அந்தப் பாடத்தின் பக்க எண்ணை ஓரத்தில் எழுதுங்கள். குறியீட்டோடு சமன்படுத்திய சமன்பாட்டை அம்பின் அடியில் எழுதிவிட்டால் புத்தகத்தின் பல பக்கம் உங்கள் நோட்டின் ஒரு பக்கத்துக்குள் வந்துவிடுகிறது.

எதற்கு எந்த வடிவம்

முக்கோணம் எல்லாப் பாடத்துக்கும் பொருந்தாது. அறிவியல் பக்கத்தில் பலவகைச் சரக்கு கலந்து கிடக்கும், ஒவ்வொன்றுக்கும் வேறு சாக்கு வேண்டும். ஒரு சுற்றாக நடப்பதைச் சுற்றாக வரையுங்கள். படிப்படியாக நடப்பதை அம்புக்குறி போட்டு வரிசையாக. இரண்டு மூன்று ஒத்த பொருள்களை ஒப்பிட வேண்டுமென்றால் அட்டவணை. சைலமும் புளோயமும், குவிலென்சும் குழிலென்சும், தமனியும் சிரையும் பத்தியாக எழுதினால் மனதில் நிற்காது.

விதிகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். "உங்கள் சொல்லில் எழுதுங்கள்" என்று மேலே சொன்னேன். விதிக்கும் வரையறைக்கும் அந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள். ஓம் விதியைச் சொல்லும்போது "மாறா வெப்பநிலையில்" என்ற நிபந்தனையைப் பிள்ளைகள் உதறிவிடுவார்கள், சும்மா ஒரு முன்னுரைச் சொல் என்று நினைத்து. ஆனால் கடத்தி சூடானால் அதன் மின்தடை மாறும், அப்போது மின்னோட்டமும் மின்னழுத்தமும் அந்த நேர்த்தகவில் நிற்காது. விதியைச் சுமப்பதே அந்தச் சொல்தான். பாயில் விதியில் மாறாமல் நிற்பது வெப்பநிலை, சார்லஸ் விதியில் மாறாமல் நிற்பது அழுத்தம். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் மதிப்பெண் போவது இருக்கட்டும், வாயுவின் நடத்தையே தலைகீழாகப் புரிந்துவிடும். அதனால் விதியைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதி, நிபந்தனைச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அதற்குக் கீழே "அந்த நிபந்தனை இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்பதற்கு உங்கள் சொல்லில் ஒரு வரி.

வாய்பாடு என்றால் நாலு விஷயம் சேர்ந்தே எழுத வேண்டும். வாய்பாடு, ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது, அதன் அலகு, ஒரு குட்டிக் கணக்கு. 3 ஓம் மின்தடையில் 6 வோல்ட் கொடுத்தால் 2 ஆம்பியர். இவ்வளவு சின்ன எண்களே போதும். அலகை விட்டுவிட்டு எழுதிய வாய்பாடு, ரூபாயா அணாவா என்று சொல்லாத பற்று மாதிரி.

தமிழ் வழியில் படிக்கிறவர்களுக்கு ஒன்று. பதினொன்றாம் வகுப்பிலோ கல்லூரியிலோ ஆங்கில வழிக்குப் போக நேர்ந்தால், ஒளிவிலகல் தெரிந்த பிள்ளை ரிஃப்ராக்‌ஷன் என்றதும் திகைத்து நிற்கும். பொருள் தெரியும், பெயர் மட்டும் புதிது. இப்போதே ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதி வையுங்கள். ஆங்கில வழிப் பிள்ளைகள் இதையே மறுபக்கமாகச் செய்யலாம். ஒளிவிலகல் என்ற சொல்லுக்குள்ளேயே ஒளி விலகிப் போகிறது என்ற விளக்கம் இருக்கிறது பாருங்கள்.

பக்கத்தின் இடது ஓரம்

நீளமான நோட்டாக வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இடதுபுறம் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கோடு, கீழே நாலு வரி இடம் விட்டு ஒரு கோடு. வலதுபுறப் பெரிய இடத்தில் குறிப்பு. இடது ஓரத்தில் கேள்வி மட்டும். கீழே அந்தப் பக்கத்தின் சாரம் இரண்டு வாக்கியத்தில். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் படிக்கும் முறை சொல்லித் தந்த வால்டர் பாக் என்ற ஆசிரியர் 1950-களில் வகுத்த அமைப்பு இது. இன்று உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது.

இதில் உயிர் இருப்பது இடது ஓரத்தில். வலதுபுறம் எழுதி முடித்த பிறகு, அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று யோசித்து எழுதுங்கள். "வரையறு", "குறிப்பு வரைக" என்று தேர்வுத்தாள் மாதிரி எழுதினால் பயன் குறைவு. "நீற்றும்போது அடுப்பில்லாமல் ஏன் கொதிக்கிறது?", "சுவர் இறுக ஏன் இத்தனை நாள்?" என்று ஏன், எப்படி, இல்லாவிட்டால் என்ன என்று கேளுங்கள். பிறகு படிக்கும்போது வலதுபுறத்தை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு இடது ஓரத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

நோட்டை மூடிய பிறகு

ஐந்தொகைக்கு வருவோம். மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ஒன்றும் தெரியாதது மாதிரி இருக்கும், மனசு சோர்ந்துபோகும். திரும்ப ஒருமுறை வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இதமாக இருக்கும். அந்த இதம் ஏமாற்றும்.

2006-ல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நாலு தடவை வாசித்தார்கள். இன்னொரு குழு ஒரு தடவை வாசித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு தடவை வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறியது. வாசித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு சுமார் 61 சதவீதம். தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் படித்தால் அடுத்த வாரமே ஏன் காலியாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

2013-ல் ஜான் டன்லாஸ்கி என்பவரும் உடன் உழைத்தவர்களும் மாணவர்கள் வழக்கமாகப் பின்பற்றும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அடிக்கோடு போடுவது, திரும்பத் திரும்ப வாசிப்பது இரண்டும் கீழ்வரிசையில். சும்மா சுருக்கி எழுதுவதும் அங்கேதான். தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல்வரிசையில். அதனால்தான் குறிப்பு எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நான் யாரையும் விடுவதில்லை. குறிப்பை வைத்துக்கொண்டு தன்னைச் சோதித்தால்தான் அந்த நோட்டுக்குப் பலன்.

இடைவெளிக்கு ஒரு எளிய கணக்கு வைத்துக்கொள்ளலாம். எழுதிய அன்று இரவே ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, மாதம் முடிவில் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடம். தேதியைப் பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலால் குறித்து வந்தால் எந்தப் பக்கம் நாளாகத் தொடப்படாமல் கிடக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும்.

ஒரு புத்தகக் கட்டுநரின் குறிப்புகள்

1812-ல் லண்டனில் புத்தகம் தைத்துக் கட்டும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே என்ற இளைஞருக்கு, ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றும் நாலு உரைகளைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. பெரிய பள்ளிப் படிப்பு கிடையாது. கேட்கும்போது விறுவிறுவென்று எழுதியதை வீட்டுக்கு வந்து விரித்து எழுதினார். பார்த்த கருவிகளைப் படமாக வரைந்தார். தனக்குத் தெரிந்த தொழிலால் அதைத் தானே தைத்துக் கட்டி, டேவிக்கு அனுப்பிவைத்தார். 1813-ல் அதே இடத்தில் ஆய்வக உதவியாளராக வேலை கிடைத்தது. அவர் செய்ததும் சிட்டையிலிருந்து பேரேட்டுக்குப் பதிவுதான். 1830-களில், மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பின் விதிகளைக் கண்டு சொன்னவரும் அவரே.

மின்சாரமும் வேதிவினையும் சேரும் அந்த மின்வேதியியலுக்கென்று இந்தியாவில் அமைந்த ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பேருந்தில் போகும்போது அந்த மதில் ஓரமாகத்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மின்னாற்பகுப்புப் பாடம் வரும்போது எல்லாம் இதைச் சொல்கிறேன். கண் விரிகிறது, பாடம் பக்கத்து வீடாகிவிடுகிறது.

மறுபடியும் இதயம்

அந்தப் பிள்ளையிடம் பதினாலு பக்கத்தையும் ஓரமாக வைக்கச் சொன்னேன். கோடு போடாத ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடுவில் இதயத்துக்கு ஒரு பெட்டி, மேலே நுரையீரல், கீழே உடம்பு என்று மட்டும் எழுதச் சொன்னேன். ரத்தம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கையை எடுக்காமல் வரை என்றேன். முதல் தடவை பாதியில் நின்றுவிட்டாள். புத்தகத்தைப் பார்த்தாள், மூடினாள், மறுபடி வரைந்தாள். மூன்றாவது தடவை ஒரு 8 விழுந்தது.

உடம்பிலிருந்து பெருஞ்சிரைகள் வழியாக வலது ஏட்ரியம் என்ற மேலறை, மூவிதழ் வால்வைத் தாண்டி வலது வெண்ட்ரிக்கிள் என்ற கீழறை, நுரையீரல் தமனி, நுரையீரல். அங்கிருந்து நுரையீரல் சிரைகள் வழியாக இடது ஏட்ரியம், ஈரிதழ் வால்வைத் தாண்டி இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, மறுபடி உடம்பு. ஒரு முழுச் சுற்றில் ரத்தம் இதயத்துக்குள் இரண்டு தடவை வருகிறது, அதனால் இரட்டை இரத்த ஓட்டம். 8-ன் மேல் வளையம் சின்னதாகவும் கீழ் வளையம் பெரிதாகவும் விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் தானாகவே சொன்னாள். "வலது பக்கம் பக்கத்துல இருக்கிற நுரையீரலுக்கு மட்டும் தள்ளுனா போதும். இடது பக்கம் உச்சந்தலையிலிருந்து கால் விரல் வரைக்கும் தள்ளணும். அதான் சுவர் தடிமன், இல்ல அயித்தை?"

பதினாலு பக்கம் இப்போது இரண்டு பக்கமாகியிருக்கிறது. இடது ஓரத்தில் ஆறு கேள்விகள். அதில் ஒரு இடத்தில் "தமனி என்றால் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம்" என்று எழுதியிருந்தாள். நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் போவதை 8-ஐ வரையும்போது கண்டுபிடித்தாள். ரப்பரை எடுக்கப் போனவளை நான் தடுத்தேன். பேரேட்டில் தப்பாக ஏறிய தொகையை ஐயா சுரண்டமாட்டார். ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவார். பழைய எண்ணும் தெரிய வேண்டும். அவளும் அப்படியே ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் "தமனி: இதயத்தை விட்டு வெளியே. சிரை: இதயத்துக்குள்ளே" என்று எழுதினாள். ஓரத்தில் ஏழாவதாக ஒரு கேள்வி ஏறியது: நுரையீரல் தமனியை ஏன் தமனி என்கிறோம்?